மடியில் முறிந்த சுங்கான்

இலுப்பூரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் நான் வெட்டிய கிணறு ஒன்று கண்ணில் படும். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாத்தியார் பலகையில் போட்ட கோட்டைவிடப் பாறையில் ஓடுகிற கோடு எனக்குச் சீக்கிரம் விளங்கியது. எங்கே உளி வைத்தால் கல் பிளக்கும், எந்த வெடிப்புக்குப் பின்னால் தண்ணீர் ஒளிந்திருக்கும் என்று இந்த வயதிலும் சொல்வேன். கூலிக்குக் கல் கூடை சுமந்தவன் பிறகு ஆள் வைத்து வேலை வாங்கினேன், காரை வீடு கட்டினேன். கை கொடுத்துத் தூக்கிவிட எனக்கு யாரும் இருக்கவில்லை.

அப்படிப்பட்ட என் கையை விட்டு, நானாக ஒப்புக்கொண்ட முதல் கிணறு போய்விடும் போல ஆனது. அதற்குக் காரணம் ஒரு சுங்கான் என்றால் சிரிப்பீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் வாயில் கடித்துக்கொண்டு புகை விடுவார்களே, வளைந்த மரக்குழாய், அதுதான் சுங்கான்.

யுத்த காலம் அது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், அங்கே பிழைக்கப் போன நம் பக்கத்து ஆட்கள் மலையிலும் காட்டிலும் நடந்தே திரும்பினார்கள். திரும்பியவர்களில் ஒருவருக்கு எங்கள் ஊருக்கு மேற்கே கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. மழை பெய்தால் வரகு, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அங்கே ஒரு கிணறு வெட்ட வேண்டும் என்று வந்து நின்றார். ஊரில் அவரைப் பர்மாக்காரர் என்றார்கள். அரிசி மில்லில் வேலை பார்த்தவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பேச்சு குறைவு. வாயில் எப்போதும் அந்தச் சுங்கான். பெரும்பாலும் அதில் புகை இருக்காது. வெறும் மரத்தைக் கடித்துக்கொண்டு கரையில் நின்று குழியைப் பார்ப்பார்.

அந்த நிலத்தில் தண்ணீர் கிடைக்காது என்று இரண்டு மேஸ்திரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் கிடைக்கும் என்றேன். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது, மீசை இன்னும் சரியாக முறுக்க வராது. எங்கள் தொழிலில் முதல் கிணறு என்பது சின்ன விஷயம் இல்லை. ஒருவன் முதலில் ஒப்புக்கொண்ட கிணறு பாதியில் நின்றாலோ வறண்டு போனாலோ, கைராசி இல்லாதவன் என்று பெயர் விழுந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் அடுத்தவன் கிணற்றில் கூலிக்குக் கல் சுமக்க வேண்டியதுதான். அதனால் அந்தக் கிணறு எனக்கு உயிர்.

என்னோடு கூட்டு என் மனைவியின் அண்ணன், என் மச்சான். பாறையைவிட வாய் பலமான ஆள். "மாப்ளே, நீ தண்ணி வரும்னு சொன்னது நெசமா, இல்ல மீசைய முறுக்குன வேகத்துல வந்த வார்த்தையா?" என்று தினமும் கேட்பார். அவர் கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறும்.

மேலே செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கடப்பாறைக்கே வந்துவிட்டன. அதற்குக் கீழே கருப்புப் பாறை. இனி வெடிதான். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்த வேண்டும். மருந்து வைக்கிற இடத்தில் நான் மகா கண்டிப்பு. என் வேலையில் ஒருவனுக்கு ஒரு விரல் போனது என்று இந்த ஜில்லாவில் யாரும் சொல்ல முடியாது. மருந்துப் பையை அவிழ்ப்பதற்கு முன்னால் எல்லாரும் பீடி, சுருட்டு, தீப்பெட்டி எதுவாக இருந்தாலும் கிணற்றுக்குத் தள்ளிக் கிடக்கும் ஒரு பலகைக்கல்லில் வைத்துவிட வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது எனக்கு முன்னாலேயே இருந்தது. கிணற்றுக்காரர் கரையில் வந்து நிற்காமல் திரி கொளுத்த மாட்டோம். சில்லு தெறித்து அடுத்த கொல்லையில் ஆடு மாடு அடிபட்டால் பதில் சொல்ல அவர் இருக்க வேண்டும்.

அன்றைக்குப் பர்மாக்காரர் வந்தார். வாயில் சுங்கான். ஆட்கள் எல்லாரும் பீடியைக் கல்லில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"ஐயா, அதக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"இதுல நெருப்பு இல்லப்பா, மேஸ்திரி. பாரு, சில்லுன்னு இருக்கு."

"இருக்கட்டுங்க. உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னா நாளைக்கு ஒருத்தன் எம்பேச்சக் கேக்க மாட்டான்."

"குடுத்துருங்க ஐயா" என்றார் மச்சான். "மாப்ள சட்டம் பேச ஆரம்பிச்சா மகாராசாவே வந்தாலும் மீசைய எறக்க மாட்டாரு."

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சுங்கானை வாயிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார். கனமான மரம். கிண்ணத்தின் விளிம்பு கரிந்து வழவழவென்று இருந்தது. வாயில் வைக்கிற முனையில் பல் பதிந்த பள்ளம். ஒரு தலைமுறைக்கு மேல் பழைய சாமான் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அதைப் பீடிக்கட்டுகளோடு கல்லில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆடு மிதிக்கலாம், காக்கை தூக்கலாம். எங்களுக்குப் பத்திரமான இடம் என்றால் மடிதான். காசு, வெற்றிலை, சுண்ணாம்பு, சாவி எல்லாம் இடுப்பு வேட்டியின் சுருக்கில்தான் இருக்கும். மடியில் இருக்கிற பொருளைத் திருடனும் தொட மாட்டான். அவருக்கு மரியாதை செய்கிறோம் என்ற நினைப்போடு சுங்கானை வயிற்றோரம் செருகி, வேட்டியை இழுத்து ஒரு சுற்று இறுக்கினேன்.

கீழே இறங்கினேன். திரியைக் கொளுத்தினேன். கயிற்றைப் பிடித்து மேலே வந்து ஓடினேன். மச்சான் நாலு பக்கமும் பார்த்து, "வெடி! வெடி! அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ!" என்று கத்தினார். பர்மாக்காரர் தூரத்துப் பனைக்குப் பின்னால். நான் என் பாறைக்குப் பின்னால்.

வெடிக்கு உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. குத்தவைத்து, முட்டி இரண்டையும் நெஞ்சோடு இறுக்கி, தலையைக் குனிந்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வாயை மூடியிருந்தால் காது அடைத்துப் போகும். சின்ன வயதில் கல் சுமந்த காலத்திலிருந்தே வந்த பழக்கம். திரி புகைந்தால் உடம்பு தானாக அப்படி மடங்கிவிடும், யோசனை வேண்டாம். அன்றைக்கும் மடங்கியது. பாறை வெடித்த சத்தத்தோடு என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மளுக்கென்று விட்டுக் கொடுத்தது. விலா எலும்பு போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். மூச்சு இழுத்துப் பார்த்தேன், வலி இல்லை. அப்பாடா என்று எழுந்த பிறகுதான் மடியில் கை போனது.

தண்டு தனியாக வந்தது. கிண்ணம் தனியாக, அதுவும் பக்கவாட்டில் பிளந்து. உள்ளே இருந்த கரி என் வேட்டியெல்லாம் கொட்டியிருந்தது.

மச்சான் பார்த்தார். பிறகு மெதுவாக, "மாப்ளே, கல்லு தெறிச்சு விழுந்து ஒடஞ்சுதுன்னு சொல்லிருவோமா?" என்றார்.

"மடியில இருந்தது மேல கல்லு விழுந்தா நான் உசுரோட இருப்பேனா மச்சான்? சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு நேராக அவரிடம் போனேன். எதுவாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என் குணம். இரண்டு கையிலும் துண்டுகளை வைத்து நீட்டினேன்.

"ஐயா, உக்காந்ததுல முறிஞ்சு போச்சுங்க. நாந்தான் மடியில வச்சிருந்தேன்."

அவர் கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். "ஆளுகளுக்கு அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"சரி" என்றார். துண்டுகளைத் தோள்துண்டில் முடிந்துகொண்டு வரப்பில் நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வெடி போட்ட கல்லை அள்ளி மேலே ஏற்றினோம். பாறையில் புதுக் குழி போட்டோம். அதற்கெல்லாம் தடை இல்லை. திரிதான் கொளுத்த முடியாது. ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கிணற்றுக் கரையில் கிணற்றுக்காரர் பொருள் முறிந்தால் அந்தக் கிணறு விளங்காதாம். யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லை என்று முன்னால் சொல்லிவிட்டுப் போன மேஸ்திரிகளுக்கு அன்றைக்குத் தீபாவளி.

"மூட்டையக் கட்டுவோமா மாப்ளே?" என்றார் மச்சான். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் போயிப் பேசிட்டு வாரேன்" என்றேன். என் வாய்க்கு மடங்காத ஆள் அன்று வரை கிடையாது. பாறையின் நிறம், வெடிப்பு ஓடும் திசை, பக்கத்துக் கொல்லையில் கோடையிலும் பச்சையாக நிற்கிற நொச்சி, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொல்ல மனதில் அடுக்கிக்கொண்டு போனேன்.

அவர் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி வரகு புடைத்துக்கொண்டிருந்தார். பர்மாவுக்கு அந்த அம்மாள் போனதே இல்லை. புருஷன் அங்கே, இவர் இங்கே என்று பாதி ஆயுள் போயிருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் பர்மாக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"வாப்பா, கெணறு வெட்டுற தம்பி" என்றார் அந்த அம்மாள், முறத்தை நிறுத்தாமல். "நல்ல காரியம் பண்ணுன. அந்த நாத்தம் புடிச்ச கொழாய ஒடைக்க ஒரு ஆளு வரணும்னு நான் வேண்டாத சாமி இல்ல."

"ஆத்தா, அப்பிடிச் சொல்லாதீங்க. நான் வேணும்னு..."

"பின்ன என்ன தம்பி? எங்கூடப் பொறந்தவன், ஒரே தம்பி. அவனையும் கூட்டிட்டுத்தான் ரங்கூனுக்குப் போனாரு. வாரப்ப அவன வழியில விட்டுட்டு, இந்தக் கொழாய வாயில வச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. காய்ச்சல்ல போயிட்டான்னு ஒரு வார்த்த. அதோட சரி. அதுக்கு ஒரு நாள் படுத்தாரா? இப்ப ஒரு மரக்கட்ட ஒடஞ்சதுக்குச் சோறு தண்ணி இல்லாமப் படுத்திருக்காரு."

நான் அடுக்கி வைத்திருந்த பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. பாறையில் ஆரம்பித்தேன். நொச்சிக்கு வந்தேன். நன்றாகத்தான் பேசினேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த அம்மாள் புடைத்துக்கொண்டிருந்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவனுக்குத் தண்ணி குடுத்தது அதுலதான்."

முறம் நின்றது.

அவர் திரும்பாமலேயே பேசினார். என்னிடம் பேசுவது போலத்தான் பேசினார். "மில்லுல இருந்த இஞ்சினீர் தொரை ஊருக்குப் போறப்ப குடுத்தது, மேஸ்திரி. அவரு அப்பா வச்சிருந்ததாம். நாங்க நடக்க ஆரம்பிச்சப்ப செம்பு, தூக்குச்சட்டி எல்லாம் இருந்துச்சு. மலை ஏற ஏற ஒண்ணொண்ணா விட்டெறிஞ்சுட்டோம். கனம் தாங்கல. கடைசில தண்ணி புடிக்க ஏனம் இல்ல. பாறச் சந்துல சொட்டுச் சொட்டா வரும். கையில ஏந்துனா விரலு வழியாப் போயிரும். இந்தக் கிண்ணத்த அடியில வச்சு, ஓட்டைய விரலால அடச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அது நெறையறதுக்கு எம்புட்டோ நேரமாகும். நெறஞ்சா ஒரு மடக்கு."

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"குடிச்சுட்டு, என்ன அத்தான் இது, தண்ணியா பொகையிலைக் கசாயமான்னு சிரிச்சான். மறுநாளு எந்திரிக்கல."

அந்த அம்மாள் கேட்டார், "காய்ச்சல்னுதான சொன்னீங்க?"

"காய்ச்சலுந்தான்."

"குடிச்சானா?"

"குடிச்சான்."

"தாகம் தீரவா?"

அவர் தோள்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. நகரவும் முடியவில்லை. எத்தனையோ பேர் வீட்டுப் பொருளை நான் கையில் வாங்கியிருக்கிறேன், என் பொருளைக் கொடுத்திருக்கிறேன். ஒரு பொருளைப் பார்த்தால் என்ன விலை பெறும், எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சுங்கானையும் அப்படித்தான் எடை போட்டேன், நல்ல மரம், பழைய சாமான் என்று. அது ஒரு மனிதனுக்குக் கடைசித் தண்ணீர் அளந்த ஏனம் என்று பார்த்துச் சொல்ல எந்தக் கண்ணாலும் ஆகாது. என் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கெணத்துல தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்கும் ஆத்தா."

"இருக்கும்னா என்ன அர்த்தம்? ஈரம் தட்டுச்சா?"

"இன்னும்..."

"ஒம்பேச்சு வேணாம். ஒனக்குப் பொழப்பு அது, நீ இருக்குன்னுதான் சொல்லுவ." கட்டிலைப் பார்த்துத் திரும்பினார். "எந்திரிங்க. நீங்க எறங்கிப் பாருங்க. கசிவு இருந்தா வெட்டட்டும். இல்லையா, மண்ணத் தள்ளி மூடிரட்டும். இன்னொரு காஞ்ச பாறைய வச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

மூன்று பேரும் நடந்தோம். என் கிணறும் என் பெயரும் அந்த வரப்பு நீளத்தில் தொங்கின.

பர்மாக்காரர் அதுவரை ஒரு தடவைகூடக் கிணற்றுக்குள் இறங்கியதில்லை. அன்றைக்குத் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, பாறைப் படியில் காலை ஊன்றி இறங்கினார். கீழே நான் அவர் காலைப் பிடித்து வைத்தேன். மேலே அந்த அம்மாளும் மச்சானும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நான் வெடிப்பைக் காட்டினேன். அவர் குனிந்து உள்ளங்கையை அதன் மேல் பதித்தார். எடுத்துப் பார்த்தார். கை பளபளத்தது. ஈரம்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், என் கிணறு தப்பித்திருக்கும். ஆனால் குழி போடும்போது தூசி அடங்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அடிப்போம். காலையில் ஊற்றியது வெடிப்பில் நின்றிருந்தது. இத்தனை பேச்சு பேசுகிற நான் பாறை விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை. அதில் பொய் சொன்னால் கீழே இருக்கிறவன் செத்துப்போவான். அந்தப் பழக்கம்.

"ஐயா" என்றேன் அடங்கிய குரலில், "அது ஊத்து இல்லைங்க. காலைல நாங்க ஊத்துன தண்ணி."

அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்ப்பா" என்றார். "பாறத் தண்ணி இப்பிடி இருக்காது. சில்லுன்னு இருக்கும். எனக்குத் தெரியாதா? சத்தம் போடாத."

மேலிருந்து அந்த அம்மாளின் குரல் கிணற்றுக்குள் விழுந்தது. "ஈரம் இருக்கா?"

"இருக்கு!" என்று இவர் கத்தினார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"கையில ஒட்டுது!"

"அப்ப வெட்டச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

பர்மாக்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "மருந்தக் கெட்டி, மேஸ்திரி. நான் கரையில நிக்கிறேன்" என்றார்.

வெடி போட்டு முடித்து, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மச்சான் என்னைத் தனியாக இழுத்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மாப்ளே, நான் ஒண்ணு ஒளறிட்டேன்."

"என்ன மச்சான்?"

"நீங்க கீழ இருக்கப்ப அந்த ஆத்தா எங்கிட்டக் கேட்டுச்சு. கொழி போடுறப்ப தண்ணி ஊத்துவீங்களாப்பான்னு. நானும் பெரிய மேஸ்திரி கணக்கா, ஆமா ஆத்தா, கொடம் கொடமா ஊத்துவோம், இன்னைக்குக் காலைலகூட ஊத்துனோம்னு சொல்லிட்டேன்."

"எப்பக் கேட்டாங்க? ஈரம் இருக்கான்னு கத்துனதுக்குப் பின்னாலயா?"

"அதுக்கு முன்னாலய்யா! எங்கிட்டக் கேட்டுட்டு, அதுக்கப்பறந்தான் கீழ பாத்துக் கத்துச்சு."

நான் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஈரம் ஊற்று இல்லை என்று அவருக்கும் தெரியும், அந்த அம்மாளுக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் இருந்த எனக்கு இரண்டும் தெரியும். வாழ்க்கையில் நான் எத்தனையோ பேசித் தீர்த்திருக்கிறேன், பஞ்சாயத்து பண்ணியிருக்கிறேன். ஒரு புருஷனும் பெண்சாதியும் கிணற்றுக்கு மேலும் கீழுமாக நின்று நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டதைப் போல என்னால் ஒரு காரியமும் முடிக்க முடிந்ததில்லை. மச்சானிடம், இதை வெளியே விட்டால் பல்லை உடைத்துவிடுவேன் என்று சொல்லி வைத்தேன். ஆச்சரியம், அந்த வாய் அதைச் சாகும் வரை காப்பாற்றியது.

ஊற்று அதற்கு வெகு கீழேதான் இருந்தது. அடுத்த அறுவடை வரை வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் இரண்டு பேரும் வந்து பனைக்குப் பின்னால் நின்றார்கள். கிணற்றில் ஈரம் இருக்கிறதா என்று அதன் பிறகு இருவருமே என்னைக் கேட்கவில்லை.